வழக்கை வாங்கியவர்களுக்கு: சுரங்கப் பங்கும் சர்வதேச நடுத்தீர்ப்பும்

ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் "நல்ல கம்பனி மாமா, மலை முழுக்கத் தங்கம்" என்று சொல்லி வாங்கிவிட்ட பங்கு. இரண்டு வருடம் ஏறுகிறது. மூன்றாம் வருடம் அந்த நாட்டில் அரசு மாறுகிறது, அகழ்வு அனுமதி ரத்தாகிறது, விலை பத்தில் ஒன்றாகிறது. பிறகு கம்பனியிடமிருந்து அறிவித்தல் வருகிறது: சர்வதேச நடுத்தீர்ப்புக்குப் போகிறோம், இத்தனை நூறு மில்லியன் டொலர் கேட்கிறோம். அன்றிரவு ஸ்காபரோவுக்கும் கோண்டாவிலுக்கும் இடையில் வட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் ஓடும். விக்கிறதா, வைச்சிருக்கிறதா?

"வைச்சிரு, பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொல்லிவிடுவது லேசு. இந்த வழக்குக் கோப்புகளைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் திருப்பிக் கேட்பது மூன்று கேள்வி. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது? கம்பனியிடம் எத்தனை மாதத்துக்குக் காசு இருக்கிறது? காசு வரும் நாளில் மொத்தம் எத்தனை பங்கு இருக்கும்? வெல்லுமா தோற்குமா என்பது நாலாவது கேள்வி.

யாழ்ப்பாணத்தாருக்கு இது விளங்காத விஷயம் இல்லை. பழைய உறுதிகளைக் கட்டாகக் கட்டி வைத்துக்கொண்டு காணிப் பிரிவிடல் வழக்கு நடத்திய குடும்பம் எந்த ஊரிலும் உண்டு. தவணை தவணையாகப் போகும். நடுவில் ஒருவர் தன் பங்கை விற்றுவிட்டு வெளிநாடு போவார். அப்புக்காத்துக்குக் கொடுக்கக் காசில்லாமல் இன்னொருவர் தன் பங்கில் பாதியை எழுதிக் கொடுப்பார். தீர்ப்பு வரும்போது காணி அங்கேயே இருக்கும், ஆளுக்கு இரண்டு பரப்புக்கூட மிஞ்சாது. சுரங்கக் கம்பனி வழக்கிலும் நடப்பது இதுதான். காணிக்குப் பதில் தங்கம் அல்லது செம்பு, அப்புக்காத்துக்குப் பதில் மணிக்கணக்கில் கூலி வாங்கும் லண்டன், வாஷிங்டன் சட்ட நிறுவனம்.

நடுத்தீர்ப்பு என்றதும் ஊர் மத்தியஸ்த சபையை நினைத்துவிடக் கூடாது. இரண்டு நாடுகள் தமக்குள் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தத்தைப் பிடித்து, ஒரு நாட்டுக் கம்பனி மற்ற நாட்டு அரசை நேரடியாக இழுப்பது இது. பெரும்பாலும் உலக வங்கிக் குழுமத்தின் ஐசிசிட் நிலையத்தில் (முதலீட்டுப் பிணக்குகளைத் தீர்ப்பதற்கான சர்வதேச நிலையம்) நடக்கும். அது 1966இலிருந்து வாஷிங்டனில் இயங்குகிறது.

ஒப்பந்தத்தைப் பிடித்து அங்கே போன முதல் வழக்கு எங்கட பக்கத்திலிருந்துதான் போனது. 1987 ஜனவரி 28 அன்று, பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையின்போது மட்டக்களப்பில் ஓர் இறால் பண்ணை அழிந்தது. அதில் பங்கு வைத்திருந்த, அன்று பிரித்தானியாவின் கீழ் இருந்த ஹொங்கொங்கின் கம்பனி ஒன்று, 1980இன் பிரித்தானிய இலங்கை முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை அரசை இழுத்தது. ஏறக்குறைய 8 மில்லியன் டொலர் கேட்டது. 1990 ஜூனில் 460,000 டொலரும் வட்டியும் கிடைத்தது. கேட்டதில் ஆறு வீதம்கூட இல்லை. வருங்கால இலாபத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். பண்ணை அப்போதுதான் ஏற்றுமதியைத் தொடங்கியிருந்தது, நிலைபெற்ற இலாபக் கணக்கு இல்லை என்று நடுவர்கள் அதை ஏற்கவில்லை. (அன்று அந்தப் பண்ணையில் உயிரிழந்த தொழிலாளருக்கு அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை. பங்குதாரரின் வழக்கு அது.) கேட்ட தொகைக்கும் கிடைக்கும் தொகைக்கும் உள்ள இந்தத் தூரம், நிரூபிக்கப்படாத இலாபத்துக்கு நடுவர்கள் காட்டும் தயக்கம், இரண்டும் இன்றைய சுரங்க வழக்குகளில் அப்படியே தொடர்கின்றன.

தவணைக் கணக்கு

கொப்பி ஒன்று எடுத்துத் திகதிகளை எழுதி வைத்தால் பாதிப் பதற்றம் போய்விடும். முதலில் பிணக்கு அறிவித்தல். அதன்பின் பேசித் தீர்க்க என்று ஒப்பந்தத்தில் ஒரு காலம் இருக்கும், பொதுவாக ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் "பேச்சுவார்த்தை நன்றாகப் போகிறது" என்று கம்பனி சொன்னால் அதற்காகப் பங்கு வாங்கக் கூடாது. அது சட்டப்படி கடக்க வேண்டிய படி. கனடா செய்த ஒப்பந்தங்கள் பலவற்றில் மூன்று வருடக் காலவரம்பும் உண்டு. சேதம் தெரியவந்த நாளிலிருந்து அதற்குள் வழக்கு வைக்காவிட்டால் கதை முடிந்தது.

பிறகு வழக்கு மனு, பதிவு, மூன்று நடுவர்களை நியமித்தல். மன்றம் அமையவே அரை வருடம் போகலாம். அடுத்தது எழுத்துச் சமர்ப்பணங்கள். கம்பனியின் கோரிக்கை, அரசின் பதில், பதிலுக்குப் பதில், அதற்கும் பதில் என்று நாலு சுற்று, ஏறக்குறைய இரண்டு வருடம். இதற்குள் அரசு "உங்களுக்கு இதை விசாரிக்க அதிகாரமே இல்லை, முதலில் அதைத் தனியாக முடிவெடுங்கள்" என்று கேட்கும். மன்றம் சம்மதித்தால் இன்னும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கூடும். நடுவர் ஒருவரை நீக்கச் சொல்லி மனுப் போட்டால் அதற்காகவும் வழக்கு நிற்கும்.

வாய்மூல விசாரணை ஒன்றிரண்டு கிழமைதான். அதற்குப் பிறகு வருகிற மௌனம்தான் ஆளைத் தின்னும். ருமேனியாவின் ரோஷியா மொன்டானா தங்கத் திட்டத்துக்காகக் கப்ரியேல் றிசோர்சஸ் 2015 ஜூலையில் வழக்கு வைத்தது. விசாரணை 2019 டிசம்பரிலும் 2020 இலையுதிர் காலத்திலும் நடந்தது. தீர்ப்பு 2024 மார்ச்சில். விசாரணை முடிந்து மூன்று வருடத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தில் ஒவ்வொரு மாதமும் "அடுத்த கிழமை தீர்ப்பு" என்று யாரோ ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார்.

அப்படி எழுதுகிறவரை நம்பத் தேவையில்லை. ஐசிசிட் இணையத்தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம் உண்டு, அதன் அடியில் நடவடிக்கைகள் திகதியோடு வரும். மாதத்துக்கு ஒருக்கால் பார்த்தால் போதும். பழைய விதிகளின் கீழ் போகும் வழக்கென்றால் "நடவடிக்கை முடிவுறுத்தப்பட்டதாக மன்றம் அறிவிக்கிறது" என்ற வரிக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் தீர்ப்பு வரவேண்டும், மேலும் 60 நாள் நீட்டலாம். அந்த வரி வராதவரை தீர்ப்பு கிட்டவில்லை. 2022 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த புது விதிகளில், முழு வழக்குக்கான தீர்ப்புக்குக் கடைசிச் சமர்ப்பணத்திலிருந்து 240 நாள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். பிந்தினால் மன்றம் காரணத்தையும் புதுத் திகதியையும் சொல்ல வேண்டும்.

அதே பக்கத்தில் பயப்பட வேண்டிய ஒரு வரியும் வரலாம்: முற்பணம் கட்டப்படாததால் நடவடிக்கை இடைநிறுத்தம். நடுவர் கூலிக்கான முற்பணத்தை இரு தரப்பும் சரிபாதி கட்ட வேண்டும். அரசு கட்டாவிட்டால் அந்தப் பாதியையும் கட்டும்படி கம்பனியிடம் கேட்பார்கள். கம்பனியிடம் காசு இல்லாவிட்டால் வழக்கு நிற்கும், கனகாலம் நின்றால் கைவிடப்படும். விலை சரிவதற்கு முன்பே இந்த வரி அங்கே தோன்றிவிடும்.

காசு எத்தனை மாதத்துக்கு

காலாண்டு அறிக்கை வந்ததும் முன்பக்கத்துத் தலைவர் கடிதத்தைத் தாண்டிப் போங்கள். கைவசக் காசு எவ்வளவு, கடந்த மூன்று மாதத்தில் மாதம் எவ்வளவு கரைந்தது என்று பார்த்து வகுத்தால் மாதக் கணக்கு வரும். 1.8 மில்லியன் இருக்கிறது, மாதம் 150,000 கரைகிறது என்றால் ஒரு வருடம். வழக்கு முடிய நாலு வருடம் இருந்தால் மிச்ச மூன்று வருடத்துக்கான காசு எங்கிருந்தோ வரவேண்டும். அதன் விலையைக் கட்டப் போவது நீங்கள். கொடுக்க வேண்டிய கணக்குகளில் சட்ட நிறுவனத்துக்கான கடன் எவ்வளவு என்று பாருங்கள். குறிப்புகளில் "தொடர்ந்து இயங்கும் ஆற்றல் குறித்த ஐயம்" என்ற பந்தி இருக்கிறதா பாருங்கள். சுரங்க ஆய்வுக் கம்பனிகளில் அந்தப் பந்தி சாதாரணம், அதைக் கண்டதும் ஓடத் தேவையில்லை. போன வருடத்துப் பந்தியோடு ஒப்பிட்டால் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் செய்தி.

இந்தக் கணக்கின் பெறுமதியைக் காட்ட வெனிசுவேலாவில் இரண்டு அயல் காணிகள் உண்டு. பொலிவார் மாநிலத்தில் லாஸ் கிறிஸ்டினாஸ் தங்கப் படுக்கை கிறிஸ்டலெக்ஸிடம் இருந்தது. வேலிக்கு மற்றப் பக்கம் பிறிஸாஸ், கோல்ட் றிசேர்வ் கம்பனியிடம். இரண்டும் கனடாச் சந்தையில் இருந்த கம்பனிகள், இரண்டையும் ஒரே அரசு வெளியேற்றியது.

கோல்ட் றிசேர்வ் 2009இல் வழக்கு வைத்து 2014 செப்டெம்பரில் 713 மில்லியன் டொலர் வென்றது. 2016இல் அரசோடு இணக்கம் கண்டு, சுரங்கத் தரவுகளின் விலையையும் சேர்த்து ஒரு பில்லியனுக்கு மேல் தருவதாக எழுதி வாங்கியது. தவணை முறையில் ஏறக்குறைய கால்வாசி வந்ததும் கொடுப்பனவு நின்றுவிட்டது. வந்ததில் 2019இல் பங்குக்கு 76 அமெரிக்கச் சதம் பங்குதாரருக்குத் திரும்பியது.

கிறிஸ்டலெக்ஸ் 2011இல் வழக்கு வைத்தது. அந்த வருடம் முடியும் முன்னே காசு முடிந்து, கடன் கொடுத்தவர்களிடமிருந்து கம்பனிக்குப் பாதுகாப்புத் தரும் கனடாச் சட்டத்தின் கீழ் போனது. வழக்கு நடத்தக் கடன் கொடுத்த நிதியம், வரப்போகும் தொகையின் பெரும்பகுதியைத் தனக்கு எழுதி வாங்கிக்கொண்டது. 2016 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, 1.2 பில்லியன் டொலர், அயல் காணிக்காரனை விடக் கூட. ஆனால் பழைய பங்குதாரர் வரிசையில் கடன் கொடுத்த நிதியத்துக்கும் மற்றக் கடன்காரருக்கும் பின்னால் நின்றார்கள். கிறிஸ்டலெக்ஸின் வழக்கைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. குறை கைவசக் காசில் இருந்தது.

சருவத்தில் ஊற்றிய தண்ணீர்

இந்தக் கணக்கை ஒருக்கால் கையால் போட்டுப் பார்த்தால் பிறகு எந்த அறிவித்தலும் மயக்காது. உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கம்பனி. தொடக்கத்தில் 80 மில்லியன் பங்கு. கேட்பது 400 மில்லியன் டொலர். "பங்குக்கு 5 டொலர்!" என்று சனம் கணக்குப் போடும்.

ஆறு வருடம் போகிறது. தீர்ப்பு 90 மில்லியன். அரசு ரத்துக் கேட்டு மனுப் போட, இழுபறிக்குப் பிறகு 65 மில்லியனுக்கு இணக்கம் வருகிறது. இப்போது மேலிருந்து கீழே ஊற்றுங்கள். வழக்குக்கு நிதி கொடுத்தவர் போட்ட 12 மில்லியன் முதலில் போகும். அதற்கு மேல் ஒப்பந்தப்படி இரண்டு மடங்கு ஆதாயம், 24 மில்லியன். மிச்சம் 29. சட்டத்தரணிகளின் வெற்றிக் கூலி 4, மிச்சம் 25. நிர்வாகத்தினருக்கு ஐந்து வீத ஊக்கத்தொகை, 1.25. பழைய கடனும் வட்டியும் 3.75. மிச்சம் 20 மில்லியன். வரி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

இனிப் பங்கை எண்ணுங்கள். ஆறு வருடத்தில் மூன்று தடவை தனியார் விநியோகத்தில், அதாவது தெரிந்தெடுத்த சிலருக்கு நேரடியாக, புதுப் பங்கு விற்றதில் 80 மில்லியன் 160 ஆகிவிட்டது. அவற்றோடு கொடுத்த வாரண்டுகளும் (குறித்த விலைக்குப் பிறகு புதுப் பங்கு வாங்கும் உரிமை) பணிப்பாளர்களுக்குக் கொடுத்த அதேபோன்ற விருப்புரிமைகளும் சேர்ந்து 200. இருபதை இருநூறால் வகுத்தால் பங்குக்கு 10 சதம். ஐந்து டொலர் பத்துச் சதமாகிவிட்டது, அதுவும் வென்ற வழக்கில்.

இந்தப் பத்துச் சதம் ஆறு வருடம் கழித்து வருவது. வருடத்துக்கு 12 வீதமாவது வேண்டும் என்று நினைப்பவர் உறுதியான பத்துச் சதத்துக்கே இன்றைக்கு ஐந்து சதம்தான் கொடுக்கலாம். வெற்றி பாதிக்குப் பாதி என்றால் இரண்டரைச் சதம். சந்தையில் அந்தப் பங்கு 15 சதத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் வைத்திருப்பதைப் பொறுமை என்று சொல்ல முடியாது.

நிதி ஒப்பந்தத்தின் முழு விவரத்தையும் கம்பனிகள் வெளியிடுவதில்லை. ஆனால் மூன்று விஷயத்தைத் தேடலாம். நிதியத்தின் ஆதாயம் மடங்கிலா, வீதத்திலா? காலம் போகப் போகக் கூடுமா? (பெரும்பாலும் கூடும். இழுபறியின் ஒவ்வொரு வருடத்துக்கும் உங்கள் சருவத்தில் ஓட்டை பெரிதாகும்.) இணக்கத்துக்குச் சம்மதிக்கும் உரிமை யாரிடம்? நிர்வாகத்தினரின் ஊக்கத்தொகை "வரும் மொத்தத் தொகையில்" என்று எழுதியிருந்தால் கசப்பான விஷயம். "பங்குதாரருக்குப் போகும் தொகையில்" என்றால் பரவாயில்லை. கூட்ட அறிவித்தலின் பின்பக்கங்களில் சின்ன எழுத்தில் கிடக்கும் இந்த வித்தியாசத்துக்காக வாக்களிப்பில் சண்டை பிடிப்பது தகும்.

வென்றும் வெறுங்கை

கொலம்பியாவின் சாந்துர்பான் மலைச் சதுப்பில் ஈகோ ஓரோ கம்பனிக்குத் தங்கத் திட்டம் இருந்தது. அரசு அந்த உயர்மலைச் சதுப்பைப் பாதுகாக்க அகழ்வைத் தடுத்தது. 2016 டிசம்பரில் வழக்கு. 2021 செப்டெம்பரில் அரசு ஒப்பந்தத்தை மீறியது என்று பெரும்பான்மை நடுவர்கள் சொன்னார்கள். கம்பனிக்காரர் கொண்டாடினார்கள். இழப்பீடு எவ்வளவு என்ற முடிவு 2024 ஜூலையில் வந்தது, பூச்சியம். கொஸ்தா றிக்காவில் இன்ஃபினிட்டோ கோல்ட்டுக்கும் 2021இல் இதேதான், மீறல் உண்டு, காசு இல்லை. "பொறுப்பு உறுதியானது" என்ற தலைப்பைக் கண்டு வாங்க ஓடுவோர் இந்த இரண்டு பெயரையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

சாந்துர்பானிலிருந்துதான் புக்கறமாங்கா நகரத்துக்குத் தண்ணீர் போகிறது. அந்த நகரத்துச் சனம் தெருவில் இறங்கியது ஏன் என்று சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காங்கேசன்துறையில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளும் கண்முன் கிடக்கின்றன. பங்குதாரராக இருப்பவர் அந்தப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும், மனச்சாட்சிக்காக மட்டும் இல்லை. உள்ளூர் மக்களைக் கம்பனி எப்படி நடத்தியது, சூழல் அனுமதி உண்மையில் கையில் இருந்ததா என்பதெல்லாம் இழப்பீட்டுத் தொகையைத் தின்னும் விஷயங்கள்.

தொகையைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு திட்டத்தின் முதிர்ச்சிக்கு. சுரங்கம் இயங்கி இலாபம் காட்டியிருந்தால் வருங்கால வருமானத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணக்கிடலாம். வெறும் ஆய்வுக் கட்டம் என்றால் நடுவர்கள் பெரும்பாலும் செலவழித்த காசைத்தான் திருப்பித் தருவார்கள். பெருவில் பெயர் கிறீக் கம்பனி சந்தா அனா வெள்ளித் திட்டத்துக்கு 500 மில்லியனுக்கு மேல் கேட்டது. 2017இல் கிடைத்தது 18.2 மில்லியனும் வட்டியும். பொலிவியாவில் மல்கு கோட்டாவுக்காகச் சவுத் அமெரிக்கன் சில்வர் 385 மில்லியனுக்கு மேல் கேட்டு 18.7 வாங்கியது. ஆகவே "கேட்கும் தொகை" என்ற எண்ணை அடித்துவிட்டு, இதுவரை தரையில் உண்மையில் செலவழித்தது எவ்வளவு என்று பழைய அறிக்கைகளில் கூட்டிப் பாருங்கள். வென்று இழப்பீடும் கிடைத்தால் என்று அதைக் கீழ்மட்டக் கணக்காக வைக்கலாம்.

விதிவிலக்கு உண்டு. பாகிஸ்தானின் றெக்கோ டிக் செம்புத் திட்டத்தில் தெத்தியன் கொப்பர் ஒரு தொன் செம்புகூட எடுக்கவில்லை. இருந்தும் 2019 ஜூலையில் வட்டியோடு 5.8 பில்லியன் டொலர் தீர்ப்பு வந்தது. அங்கே முழுமையான சாத்தியக்கூற்று ஆய்வு இருந்தது, பின்னால் பரிக், அன்டோஃபகஸ்தா என்ற இரண்டு பெரிய சுரங்கக் கம்பனிகள் மலைபோல நின்றன. அந்தத் தொகையும் காசாகக் கைமாறவில்லை. 2022இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டது, பரிக் பாதிப் பங்கோடு திரும்பியது, அன்டோஃபகஸ்தா 900 மில்லியன் வாங்கிக்கொண்டு வெளியேறியது. சின்னக் கம்பனி ஒவ்வொன்றும் தன்னை றெக்கோ டிக்கோடு ஒப்பிட்டுச் சொல்லும். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம்.

முழுத் தோல்விகளும் உண்டு. கப்ரியேலின் கோரிக்கை தள்ளுபடியாகி, எதிர்த்தரப்பின் செலவையும் கட்டச் சொன்னார்கள். எல் சல்வடோருக்கு எதிரான பசிபிக் றிம் வழக்கும் 2016இல் அப்படியே, 8 மில்லியன் டொலர் செலவுத் தொகையோடு. இந்தோனேசியாவில் சேர்ச்சில் மைனிங்கின் நிலக்கரி வழக்கு, அனுமதிப் பத்திரங்கள் போலி என்பதால் விழுந்தது. உள்ளூர்ப் பங்காளி கொண்டுவந்த கடதாசியைச் சரிபார்க்காமல் நம்பிய கதை அது. கள்ள உறுதியில் காணி வாங்கியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தீர்ப்புக்குப் பிறகு

வென்ற தீர்ப்பென்றால் பங்கு துள்ளும். அந்தத் துள்ளலில் கொஞ்சம் விற்பது புத்தி. ஐசிசிட்டில் மேன்முறையீடு கிடையாது, ஆனால் 120 நாளுக்குள் ரத்து மனுப் போடலாம். மன்றம் சரியாக அமையவில்லை, அதிகாரத்தை வெளிப்படையாக மீறியது, ஊழல், அடிப்படை நடைமுறை மீறல், காரணம் சொல்லாமை என்று ஐந்து காரணம்தான். தோற்ற அரசு பெரும்பாலும் போடும், ஏனென்றால் மனுவோடு கேட்டாலே வசூல் தற்காலிகமாக நிற்கும். இன்னும் இரண்டு வருடம் என்று எழுதி வையுங்கள். தீர்ப்பு வேறு விதிகளின் கீழ் வந்திருந்தால், நடுத்தீர்ப்பின் அமர்விடம் என்று குறித்த நாட்டின் நீதிமன்றத்துக்குப் போகும். வெனிசுவேலாவுக்கு எதிராக ருசோரோ கம்பனி 2016இல் 960 மில்லியனுக்கு மேல் வென்றது. 2019இல் பாரிஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பகுதியை வெட்டியது. 2021இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அந்த வெட்டைத் தள்ளியது. 2022இல் தீர்ப்பு திரும்ப நின்றது. இந்த ஆறு வருடத்தில் பங்கை நடுவில் விற்றவரும் திட்டு வாங்கினார், வைத்திருந்தவரும் திட்டு வாங்கினார்.

வசூல் தனி வேலை. அரசின் தூதரகம், படைச் சொத்து, மத்திய வங்கிக் காசு என்பவற்றுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு. வணிகச் சொத்தைத் தேட வேண்டும். கிறிஸ்டலெக்ஸ் 2018இல் அமெரிக்காவின் டெலவெயர் நீதிமன்றத்தில் சிற்கோ எண்ணெய்க் கம்பனியின் தாய்க்கம்பனிப் பங்குகளைப் பிடித்தது. பிடித்த பிறகும் விற்பனைக்கு வருடக்கணக்கு. ஆகவே வழக்கு வைத்த அன்றே ஒரு கேள்வி: இந்த அரசுக்கு வெளிநாட்டில் என்ன சொத்து, முந்திய தீர்ப்புகளுக்குக் காசு கட்டியிருக்கிறதா?

கட்டும் அரசுகளும் உண்டு. மொங்கோலியாவின் டோர்னோட் யுரேனியத்துக்காகக் கான் றிசோர்சஸ் 2015 மார்ச்சில் 80 மில்லியனும் வட்டியும் செலவும் வென்றது, எல்லாம் சேர்த்து நூறு மில்லியனளவு. 2016இல் 70 மில்லியனுக்கு இணங்கிக் காசை வாங்கிப் பங்குதாரருக்குப் பிரித்தது. தான்சானியாவில் இந்தியானா றிசோர்சஸ் தன் குழுவோடு 2023 ஜூலையில் 109 மில்லியன் வென்று, அடுத்த வருடம் 90 மில்லியனுக்கு மூன்று தவணையில் இணங்கியது. "முப்பது மில்லியனை விட்டுக்கொடுத்துவிட்டான்" என்று கான் நிர்வாகத்தைத் திட்டியவர்கள் அயலில் வெனிசுவேலாப் பங்கு வைத்திருந்தவரிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். எழுபது கையில் வருவது நூறு கடதாசியில் இருப்பதைவிட மேல் என்பதில் எங்களுக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. ஆனால் இணக்க அறிவித்தலையும் காசாக எண்ணக் கூடாது. முதல் தவணை கம்பனிக் கணக்கில் விழுந்தது என்ற அறிவித்தல் வரும்வரை கொப்பியில் பென்சிலால் எழுதுங்கள்.

இங்கே, இலங்கையில் இருந்து வைத்திருப்போருக்குச் சில காரியம் கூடுதலாக உண்டு. நேரடியாக வெளிநாட்டுப் பங்கு வாங்குவதென்றால் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், அனுமதி பெற்ற வங்கியின் வெளிமுக முதலீட்டுக் கணக்கூடாகத்தான் காசு போக வேண்டும். எல்லைத் தொகை வர்த்தமானியால் மாறும், அன்றைய நிலையை வங்கியில் கேளுங்கள். உறவினர் பெயரில் இருக்கிறது என்றால் சட்டப்படி பங்குதாரர் அவர்தான். வாக்கு அவருக்கு, வரிக் கடிதம் அவருக்கு, அவர் காலமானால் பங்கு அவர் வாரிசுக்கு. எத்தனை பங்கு, யாருடைய காசு, எந்தத் திகதி என்று ஒரு கடிதமாவது இரு பக்கமும் கையெழுத்திட்டு வைத்திருங்கள். மருமகன் நல்லவர்தான். கடிதம் அவருடைய பிள்ளைகளுக்காக.

சீட்டுக் காசு, நகை அடைவு வைத்த காசு, பிள்ளையின் படிப்புக் காசு இதற்குள் வரக் கூடாது. இவற்றுக்கெல்லாம் தவணை உண்டு, வழக்குக்கு இல்லை. விற்கும்போது விலை குறித்த கட்டளைதான் போட வேண்டும். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பங்கு மட்டும் கைமாறும் இடத்தில் "கிடைக்கிற விலைக்கு" என்று போட்டால் பாதி விலைக்குப் போய்விடும். தீர்ப்பு நாளில் வியாபாரம் இடைநிறுத்தப்பட்டிருக்கலாம், திறக்கும் கணத்தில் விலை எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் தீர்ப்பின் முடிவை நம்பியிராமல் விற்கத் தீர்மானித்ததை அதற்கு முன்பே செய்து முடியுங்கள்.

சுரங்கம் போன கம்பனிக்கு வியாபாரம் இல்லை என்பதால் பட்டியலிலும் சிக்கல் வரும். ரொறன்ரோ வென்ச்சர் சந்தையில் இப்படிப்பட்டவற்றை நெக்ஸ் என்ற தனிப் பலகைக்குத் தள்ளுவார்கள். அவுஸ்திரேலியாவில் போதிய செயற்பாடு இல்லை என்று வியாபாரத்தை நிறுத்தலாம். பட்டியலிலிருந்து போனாலும் பங்கு சாகாது, வழக்குக் காசு வந்தால் உரிமை உண்டு. சில கம்பனிகள் வழக்கின் பலனை மட்டும் தனி உரிமைப் பத்திரமாகப் பிரித்துக் கொடுக்கும். அதை விற்க முடியாமலும் போகலாம். அப்போது தரகரின் திரையில் அந்த வரி பூச்சியமாகத் தெரியும், பிறகு ஒரு நாள் காணாமலே போகும். கம்பனியின் பங்குப் பதிவாளர் யார் என்று பார்த்து, பெயரும் விலாசமும் மின்னஞ்சலும் சரியா என்று வருடத்துக்கு ஒருக்கால் எழுதிக் கேளுங்கள். வீடு மாறினால் அந்தக் கிழமையே அறிவியுங்கள். பகிர்வு அறிவிக்கும்போது பதிவுத் திகதி ஒன்று சொல்வார்கள். அந்த நாளில் ஏட்டில் இருக்கும் பெயருக்கும் விலாசத்துக்கும்தான் காசோலை போகும்.